கூழும் மீசையும்

கேள்வி: தொழில்நுட்பம் மனிதனை ஆட்டிப்படைக்கும் என்று அன்றே எச்சரித்தவர் அமெரிக்காவின் 'யுனாபாம்பர்' டெட் கசின்ஸ்கி. அவரை வெறும் பயங்கரவாதி என்று ஒதுக்கலாமா? (வாசகர் ஒருவர், கோவை)

பதில்: 1978 முதல் 1995 வரை அவர் தபாலில் அனுப்பியதும் நேரில் வைத்ததுமாக 16 குண்டுகள். 3 பேர் சாவு, 23 பேருக்குக் காயம். இதில் எதை 'வெறும்' என்கிறீர்கள்?

மூளைக்காரர்தான், மறுக்கவில்லை. 16 வயதில் ஹார்வர்டு, 25 வயதில் பெர்க்லியில் கணித உதவிப் பேராசிரியர். 1969-ல் வேலையை உதறிவிட்டு, பிறகு மொன்டானா காட்டில் மின்சாரமோ தண்ணீர்க் குழாயோ இல்லாத 10-க்கு 12 அடிக் குடிசையில் போய் உட்கார்ந்தார். அதோடு நின்றிருந்தால் நானே அவரைப் பற்றிக் கட்டுரை போட்டிருப்பேன். (தம்பியும் அம்மாவும் அவ்வப்போது பணம் அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துத்தான்.)

1985-ல் சாக்ரமென்டோவில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர், கடைக்குப் பின்னால் கிடந்த மரக்கட்டையைக் குனிந்து எடுத்தார். கட்டைக்குள் குண்டு. 1994-ல் ஒரு விளம்பர நிறுவன அதிகாரி, வீட்டில் தபால் பிரிக்கும்போது போனார். மூன்றாமவர் ஒரு மரத்தொழில் சங்கத் தலைவர்; அவர் கதை இன்னும் கொடுமை. பார்சலில் இருந்ததே, அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் பெயர்!

கடைக்காரர் செத்ததை நாட்குறிப்பில் 'பிரமாதம்' என்று எழுதி வைத்தார் உங்கள் தீர்க்கதரிசி. துப்புக் கொடுப்பவருக்கு 25,000 டாலர் என்று அறிவித்ததும் பெருமையாக இருந்ததாம். தன் நோக்கம் சொந்தப் பழிவாங்கல்தான் என்று 1971-லேயே எழுதியவரும் அவர்தான். தொழில்நுட்பத்துக்கு எதிரான 35,000 வார்த்தைத் தத்துவமெல்லாம் பிற்பாடு வந்தது. அதை அச்சிட்டால் கொல்வதை நிறுத்துகிறேன் என்று மிரட்டி, 1995 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்டில் வரவைத்தார். துப்பாக்கி முனையில் பிரசுரம் கேட்கும் எழுத்தாளரை எந்த ஆசிரியருக்குப் பிடிக்கும்?

அந்தப் பிரசுரமே அவரைக் காட்டிக்கொடுத்தது. நம்மூர் 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை' போல ஆங்கிலத்தில் கேக்கை வைத்து ஒரு பழமொழி உண்டு. 'கேக்கை வைத்துக்கொள்ளவும் வேண்டும், தின்னவும் வேண்டும்' என்று ஊரே சொல்வதை, அவர் அந்தக் கட்டுரையில் 'தின்னவும் வேண்டும், வைத்துக்கொள்ளவும் வேண்டும்' என்று பழைய வரிசையில் திருப்பிச் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு எழுதிய கடிதத்திலும் அதே வரிசை. முதலில் சந்தேகப்பட்டது தம்பி மனைவி. தம்பி டேவிட் வாசித்துப் பார்த்து, மனசு கேட்காமல் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்தார். 1996 ஏப்ரல் 3-ல் கைது.

அண்ணனுக்கு மரண தண்டனை கொடுக்காதீர்கள் என்று மன்றாடியதும் அந்தத் தம்பிதான். துப்புக்கான வெகுமதி அதற்குள் 10 லட்சம் டாலர் ஆகியிருந்தது; கிடைத்ததில் பெரும்பகுதியைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுத்தார். சிறைக்கு ஓயாமல் கடிதம் எழுதினார். 2023-ல் சாகும்வரை அண்ணன் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.