வண்டி சரி, கோழிக்கூண்டை யார் திறப்பது?

அம்மா, நேராகவே சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்து இரண்டு அரியர் வைத்திருக்கிற பையன், கம்பெனி வேலைக்குப் போக மாட்டேன், மாதத்தில் பாதி நாள் லாரி ஓட்டுகிறேன், மீதி நாள் வீட்டோடு இருந்து நாட்டுக்கோழி வளர்க்கிறேன் என்கிறான், இது உருப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உருப்படும். அதுவும் நாமக்கல் பக்கம் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே! லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகள், முட்டைப் பண்ணைகள், கேஸ் டேங்கர்கள், பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் என்று இருக்கிற ஊரில் இந்த இரண்டு தொழிலும் கை வந்தவன் சும்மா உட்கார வேண்டியிருக்காது.

ஆனால் உங்கள் பயமெல்லாம் லாரியைப் பற்றியே இருக்கிறது. விபத்து, குடி, சகவாசம், பெண் கொடுப்பார்களா. எனக்கு உறுத்தியது வேறு. அத்தனை பக்கம் எழுதியவர், அவன் வண்டியில் போன நாளில் விடிந்ததும் கூண்டை யார் திறப்பது, பொழுது சாய்ந்ததும் யார் எண்ணி அடைப்பது என்று ஒரு வரி எழுதவில்லை. அது நீங்கள்தான் என்று அவன் கேட்காமலே முடிவு செய்திருக்கிறான், நீங்களும் சொல்லாமலே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஏற்பாடு கெட்டால் லாரியால் கெடாது, இதனால்தான் கெடும்.

முதலில் வண்டி. பகுதிநேரமாக லாரி ஓட்டுவது என்றால் நம் பக்கம் அது ஆக்டிங் டிரைவர் வேலைதான். நிரந்தர டிரைவர் லீவு போட்டால், உடம்பு முடியாமல் போனால், ஓனர் போன் அடிப்பார், போய் ஒரு நடை ஓட்டிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். நடைக்கு இவ்வளவு, படி இவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்வார்கள். இதில் எந்த லைன் என்பதுதான் எல்லாமே. வடக்கே மும்பை, குஜராத் என்று போனால் கிளம்புகிற நாள் மட்டும்தான் நம் கையில். அங்கே லோடு இறக்கக் காத்திருக்க வேண்டும், ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை ஹால்டிங் கிடக்க வேண்டும், எப்போது ஊர் வருவான் என்று அவனுக்கே தெரியாது. கோழி வளர்ப்பவனுக்கு அந்த லைன் சரிப்படாது. கேரளாவுக்குப் போகிற முட்டை லோடு, தீவன மில்லிலிருந்து பண்ணைகளுக்குப் போகிற வண்டி, சேலம், ஈரோடு, கரூர் பக்கம் பகலில் போய்த் திரும்புகிற சில்லறை லோடு, இப்படிப் போய்வரும் நேரம் தெரிந்த வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள். பால் வண்டி பக்கத்திலேயே இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அது விடியற்காலை வேலை, கோழிக்கு ஆள் தேவைப்படுகிற அதே நேரம்.

உரிமம் பற்றி அவன் குழம்பியிருப்பது தெரிகிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் வருகிற சின்ன சரக்கு வண்டிகளை, டாடா ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப் மாதிரியானவற்றை, இலகுரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு மேல் போனால் கனரக உரிமம் வேண்டும். கையில் இலகுரக உரிமம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தால்தான் அதற்கு எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமமே போட முடியும், வயதும் 20 முடிந்திருக்க வேண்டும், அவனுக்கு அது பிரச்சினை இல்லை. வாங்கிய பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டேங்கர் ஆசை இருந்தால் அபாயகரமான சரக்குக்குத் தனியாகப் பயிற்சியும் ஒப்புதலும் உண்டு, அதை இரண்டு மூன்று வருடம் ஓட்டிப் பழகிய பிறகு யோசிக்கட்டும். ஓட்டக் கற்பதை ஏதோ தெரிந்த அண்ணனிடம் இரவில் புறவழிச்சாலையில் கற்றுக்கொள்ளாமல், நாமக்கல்லிலேயே அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது, அங்கே போய் விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஆக்டிங் போகிறவனுக்கு இன்னொரு வம்பு, வண்டி அவனுடையது அல்ல. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று நடப்பில் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, பர்மிட் எந்த மாநிலம் வரை என்று சாவி வாங்குகிறபோதே பார்த்துவிட வேண்டும். கேட்டால் ஓனர் கோபிப்பார் என்று கூச்சப்படக் கூடாது, கோபிக்கிற ஓனரின் வண்டியைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஓவர்லோடு, வேகம் என்று வருகிற அபராதத்தை யார் கட்டுவது என்பதையும் பேசிவிட வேண்டும், பல இடத்தில் சத்தமில்லாமல் டிரைவர் படியில் பிடித்துவிடுகிறார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இந்த வேலையில் கிடைக்காது. அதனால் தொழிலாளர் துறையின் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் உரிமம் கைக்கு வந்ததும் பதிந்துகொள்ளட்டும், விபத்து உதவி, ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியாகத்தான் வரும்.

சரி, கோழிக்கு வருவோம். முட்டைப் பண்ணை, ஒப்பந்தக் கறிக்கோழி எல்லாம் இவனுக்கு வேண்டாம். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுத்து வளர்ப்புக்கூலி தருகிற கறிக்கோழிப் பண்ணையில் ஒரு பேட்ச் சுமார் 40 நாள் ஓடும், அந்த 40 நாளும் ஆள் கொட்டகையை விட்டு நகர முடியாது. இவன் யோசிக்கிற மாதிரி வீட்டுப் புறக்கடையில் வளர்க்கிற நாட்டுக்கோழிதான் சரி: பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல், நாட்டு ரகத்தில் சிறுவிடையோ பெருவிடையோ ஊரில் கிடைப்பதை வைத்துத் தொடங்கலாம். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தாலும் பண்ணைக்கோழி போடுவதில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே முட்டையை விற்றுப் பிழைக்கலாம் என்று கணக்குப் போடக் கூடாது. முட்டையைக் குஞ்சாக்கி, குஞ்சை நாலைந்து மாதத்தில் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோவுக்கு வளர்த்து உயிரோடு விற்பதில்தான் காசு.

இங்கேதான் நாள்காட்டி தேவைப்படுகிறது. அடை வைத்து 21 நாளில் குஞ்சு பொரியும், அந்த மூன்று வாரம் தாய்க்கோழியே பார்த்துக்கொள்ளும், அவன் தாராளமாக வண்டிக்குப் போகலாம். பொரித்த பிறகு வருகிற மூன்று நாலு வாரம்தான் கண்டம். குளிர், மழை, பருந்து, கீரி, பூனை எல்லாம் அந்த வயதில்தான் குஞ்சைக் கொண்டுபோகும். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழிக்கழிச்சல் நோய்க்குக் கண்ணில் சொட்டு மருந்து, நாலாவது வாரம் மறுபடி ஒன்று, எட்டாவது வாரம் தோலுக்கடியில் ஊசி. இதில் ஒன்றைத் தவறவிட்டால் கழிச்சல் வந்த வாரத்தில் மொத்தப் பட்டியும் காலியாகும், வந்த பிறகு அதற்கு மருந்து கிடையாது. தடுப்பு மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும், கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் போடலாம், உங்களிடம் இருப்பதோ முப்பது குஞ்சு. அக்கம்பக்கத்து வீடுகளோடு பேசி எல்லோரும் ஒரே வாரத்தில் அடை வைத்தால் ஒரே குப்பியில் காரியம் முடியும். கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்துகிற கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமையும் விடாதீர்கள், அது இலவசம். ஆக, குஞ்சு பொரித்த மாதம் வெளியூர் நடை எடுப்பதில்லை என்று அவன் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் போதும், வருடத்தில் மூன்று நாலு முறைதான் அது வரும்.

தம்பி, அம்மா இதை உனக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று நினைத்து உனக்கு நேராகவே ஒன்று சொல்கிறேன். முட்டை லோடு, தீவன லோடு, உயிர்க்கோழி வண்டி எதில் போனாலும் பண்ணைக்குள் மிதித்த செருப்போடு உன் கூண்டுப் பக்கம் போகாதே. பண்ணை வாசலில் டயரை மருந்துத் தண்ணீரில் இறக்கி ஏற்றுகிறார்களே, அது சடங்கு இல்லை, நோய் சக்கரத்திலும் காலிலும்தான் பயணம் செய்கிறது. வண்டிக்கு ஒரு செருப்பு, பட்டிக்கு ஒரு செருப்பு. வந்ததும் குளித்து உடுப்பு மாற்றிவிட்டுத்தான் கோழியைத் தொட வேண்டும். நீ லோடு எடுக்கிற பண்ணைக்காரரிடமும் வீட்டில் கோழி வைத்திருப்பதை மறைக்காதே, சில பெரிய பண்ணைகள் அப்படிப்பட்ட ஆளை உள்ளே விட மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

அப்புறம் தூக்கம். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு காலையில் வந்து கூண்டைக் கழுவி, மத்தியானம் தீவனம் வாங்கப் போய், சாயங்காலம் மறுபடி ஸ்டியரிங் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத் தெம்பு என்று நினைக்காதே. விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் கண் சொருகுவது மனவுறுதியால் அடக்கக்கூடியது அல்ல. இரவு நடை முடித்து வந்த நாளில் கோழி வேலை உனக்கில்லை, தூக்கம்தான் வேலை.

அம்மா, நீங்கள் எழுதாத இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆக்டிங் டிரைவருக்கு எப்போது ஆள் மேல் ஆள் போன் அடிப்பார்கள்? தீபாவளிக்கும் பொங்கலுக்கும், நிரந்தர டிரைவர்கள் குடும்பத்தோடு இருக்க ஊர் திரும்புகிற நேரத்தில். நாட்டுக்கோழி எப்போது நல்ல விலைக்குப் போகும்? அதே தீபாவளிக்கும், மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் கரிநாளுக்கும், ஆடியில் கோயில் நோன்பித் திருவிழாவுக்கும். இரண்டு கல்லாவும் ஒரே நேரத்தில் திறக்கும், ஆள் ஒருவன். என்னைக் கேட்டால் பண்டிகைக்கு முந்தின வாரம் வீட்டில் இருந்து கோழியை விற்றுவிட்டு, பண்டிகை அன்றைக்கு வண்டி எடுக்கலாம், அன்றைக்குப் படியும் கூடுதலாகப் பேசலாம். ஆடிக்கு விற்க வேண்டுமென்றால் மாசியில் அடை வைக்க வேண்டும், பங்குனியில் பொரித்தது ஆடிக்குப் பதமாக நிற்கும். புரட்டாசியில் கறி வாங்க ஆள் வராது, அந்த மாதம் விற்பனைக்குத் தயாரான கோழி கையில் இருந்தால் அது தின்னுகிற தீவனம் நஷ்டம்.

இப்போது கூண்டைத் திறப்பவர் பற்றி. அவன் இல்லாத நாளில் நீங்கள் பார்க்கிற வேலைக்குக் கணக்கு இருக்க வேண்டும். மகனிடம் கூலி கேட்பதா என்று சங்கடப்படாதீர்கள். கோழி விற்கிற பணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தொடங்குவதற்கு முன்பே நோட்டில் எழுதுங்கள், பத்துப் பெட்டையில் மூன்று உங்களுடையது என்று பிரித்துக்கொண்டாலும் சரி. நூறு நாள் வேலைக்கோ, தங்கச்சி வீட்டுக்கோ நீங்கள் போக வேண்டிய நாளில் யார் பார்ப்பது என்பதையும் எழுதுங்கள். எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டியதும் நீங்கள்தான், அவன் அல்ல. ஒருவர் தனியாகச் சாயங்காலம் அடைக்க முடிகிற அளவுதான் உங்கள் பட்டியின் அளவு.

பணம் போடுவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். முதல் வருடம் கடன் வாங்கி வண்டி எடுக்கக் கூடாது. பழைய ஏஸ் ஒன்று மலிவாக வருகிறது என்று யாராவது சொல்வார்கள், மாதத் தவணை ஆரம்பித்த அன்றைக்குப் பகுதிநேரம் முழுநேரமாகிவிடும், கோழி மொத்தமாக உங்கள் தலையில் விழும். குஞ்சு கொடுத்து நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள், 2012-ல் பெருந்துறை ஈமு கோழியில் கொங்கு நாடே பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்தில் நாட்டுக்கோழிப் பயிற்சி நடக்கும், அவனை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போங்கள், கூண்டில் அதிக நேரம் நிற்கப்போவது நீங்கள்.

கடைசியாக அந்த அரியர். ஓட்டுவதற்கு டிப்ளமோ எதற்கு என்று அவன் கேட்கிறானாம். முப்பத்தைந்து வயதில் இடுப்பு வலித்து ஸ்டியரிங்கை விட்டு இறங்க நினைக்கிறபோது, டிப்ளமோவோடு பத்து வருட ஓட்டுநர் அனுபவமும் சேர்ந்தால் வண்டி சர்வீஸ் நிலையத்திலோ, லாரி கம்பெனியில் வண்டிகளை மேற்பார்க்கிற இடத்திலோ நாற்காலி கிடைக்கும், உரிமம் மட்டும் இருந்தால் கிடைப்பது கஷ்டம். அரசு வேலை வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது: 2025-ல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஓட்டுநருடன் நடத்துநர் பணிக்கு 3,274 பேரை எடுக்க அறிவித்தபோது பத்தாம் வகுப்பு, 24 வயது, அனுபவத்தோடு கனரக உரிமம், கூடவே நடத்துநர் உரிமம் கேட்டார்கள். நடத்துநர் உரிமத்தையும் இப்போதே எடுத்து வைக்கட்டும். அடுத்த செமஸ்டருக்கு இரண்டு பேப்பருக்கும் கட்டணம் கட்டச் சொல்லுங்கள், அந்தத் தேர்வு வாரத்தில் எந்த ஓனர் போன் அடித்தாலும் அவன் ஊரில் இல்லை என்று நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.