ரத்தம் எடுக்கும் முன் குழந்தையின் கையில் மரத்துப்போகும் களிம்பு தடவலாமா?

தடவலாம். ஊசியைக் கண்டாலே அலறும் ஐந்து வயதுப் பையனுக்கு இப்படிச் செய்தால் செல்லம் கொடுத்ததாக ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ பெரியவர் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறோம். என் மகளுக்குச் சிறுநீரகக் கோளாறு. அடிக்கடி ரத்தம் எடுத்தாக வேண்டும். முன்பெல்லாம் அவளை இரண்டு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள். அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு நின்ற தாய்க்குத்தான் தெரியும். அப்புறம் ஒரு நர்ஸ் எம்லா களிம்பைப் பற்றிச் சொன்னார். தோலை மரத்துப்போகச் செய்யும் இரண்டு மருந்துகள், லிடோகெய்ன் 2.5 சதவீதமும் பிரிலோகெய்ன் 2.5 சதவீதமும் கலந்தது.

தைலம் மாதிரி தேய்த்தால் பலன் இருக்காது. ஊசி போடும் இடத்தில் தடிமனாக வைத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டியால் மூடி, குறைந்தது 60 நிமிடம் விட வேண்டும். இரண்டு முழங்கை மடிப்பிலும் வையுங்கள், ஒரு பக்கம் ரத்தக்குழாய் கிடைக்காவிட்டால் மறுபக்கம் உதவும். துடைத்ததும் தோல் வெளுத்து, ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும். பத்து நிமிடம் பொறுத்துக் குத்தச் சொல்லுங்கள். இது தெரியாமல்தான் சிலர் களிம்பு போட்டால் ரத்தமே வராது என்கிறார்கள்.

எங்கள் வீட்டுப் பெரியப்பா, "தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கொண்டு காவடி எடுக்கிற குடும்பம், ஒரு ஊசிக்கா இத்தனை?" என்றார். அலகு குத்துகிறவர் விரதம் இருந்து, மனமுவந்து குத்திக்கொள்கிறார். என் மகளை யார் கேட்டார்கள்? இத்தனை பேசும் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட ஆஸ்பத்திரி வரிசையில் எங்களோடு வந்து உட்கார்ந்ததில்லை. கார் நிறுத்தவும் இடமில்லாமல், நோய்வாய்ப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கிறோம். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நான் டாக்டர் இல்லை, சண்டைக்கு வராதீர்கள். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பரம்பரைக் கோளாறு) இருந்தாலோ, சல்ஃபா என்ற கிருமிக்கொல்லி வகை மருந்து சாப்பிட்டாலோ டாக்டரிடம் சொல்லாமல் தடவக் கூடாது. பிரிலோகெய்னால் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறையலாம். புண், சிரங்கு உள்ள தோலிலும் வேண்டாம். கைக்குழந்தைக்கு அளவும் நேரமும் வேறு, கேட்டுத்தான் போட வேண்டும்.

இன்னொன்று. வலி தெரியாது, ஆனால் அழுத்துவது தெரியும். இதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் நர்ஸ் கை வைத்ததுமே ஏமாற்றிவிட்டீர்கள் என்று நினைத்துக் கையை இழுத்துக்கொள்வான்.