வருகிறவர்களும் போகிறவர்களும்

கேள்வி: ஆஸ்திரேலியாவுக்கு வருகிற பயணிகளைவிட, அங்கிருந்து வெளிநாடு போய் வருகிறவர்கள்தான் அதிகமாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். 2019-ல் வந்தவர்கள் சுமார் 95 லட்சம், உள்ளூர்வாசிகள் போய்வந்ததோ ஒரு கோடியைத் தாண்டியது (இது பயணக் கணக்கு, ஒருவரே மூன்று முறை போனால் மூன்று). இரண்டுமே குறுகியகாலப் பயணங்களின் கணக்கு; ஒரு வருடத்துக்குள் திரும்பிவிட்டால் அது குறுகியகாலப் பயணம், அதனால் பேரனைப் பார்க்க ஆறு மாதம் வந்து தங்குகிற பாட்டியும் இதில் சேர்த்தி. அப்புறம் 2020 மார்ச்சில் எல்லையை மூடி, சுற்றுலாப் பயணிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம்: வருகையில் சீனாவை நியூசிலாந்து முந்தியது, போகிற பக்கமோ வெகுகாலம் முதலிடத்தில் இருந்த நியூசிலாந்தை 2023-ல் இந்தோனேசியா முந்திவிட்டது. பெரும்பாலும் பாலித் தீவுதான் காரணம். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கிற பெர்த் நகரத்துக்காரர்களுக்கு சிட்னியைவிட பாலி கிட்டம், விமானத்தில் நான்கு மணி நேரம்கூட ஆகாது.