மெக்கானிக் அனுபவமே இல்லாமல் பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை நாமே பராமரிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி கேட்டவர் 1990களில் வந்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க நினைக்கிறார். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இல்லை. எதை வாங்குவது, வேலையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக முடியும். ஆனால் எந்தக் காரில் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்பதிலேயே பாதி விஷயம் அடங்கிவிடுகிறது. நான் டொராண்டோ பக்கம் இருக்கிறேன். என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா, துணிக்கூரை வைத்த இரண்டு சீட் கார், 1.6 லிட்டர் இன்ஜின். வாங்கும்போது எனக்கும் இந்த வேலை எதுவும் தெரியாது. இப்போது பெரும்பாலான வேலைகளை வீட்டு கராஜிலேயே செய்துகொள்கிறேன். அதனால் கைப்பழக்கத்தில் தெரிந்த இந்த ஒரு காரை வைத்தே பதில் சொல்கிறேன்.

மியாட்டா 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமானது. ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5 என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்றார்கள். தோஷிஹிகோ ஹிராய் தலைமையிலான குழு வடிவமைத்த இந்தக் காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. சக்தி 116 குதிரைத்திறன்தான், டர்போ கிடையாது. இன்ஜின் மாஸ்டா 323 என்ற சாதாரண குடும்பக் காரின் இன்ஜின் வம்சத்தைச் சேர்ந்தது. அது முன்பக்கம் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும் கை நுழைய இடம் இருக்கிறது. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதே கம்பெனியின் எஃப்டி வகை ஆர்எக்ஸ்-7 எனக்கு மிகவும் பிடித்த கார், அழகில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின், ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போ, அவற்றைக் கட்டுப்படுத்தும் வாக்குவம் குழாய்களின் காடு. முதல் முதலாக ஸ்பேனர் எடுக்கிறவருக்கு அது வேண்டாம்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த வயதுக் கார்களில் புதிதாக வருகிறவர்கள் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் இந்த இன்ஜின் லட்சக்கணக்கில் ஓடும். காரைத் தின்பது இரண்டே விஷயம்: இறுகிப்போன ரப்பரும் போகவேண்டிய வழியில் போகாத தண்ணீரும். கார் ஷெட்டில் சும்மா நின்றாலும் ரப்பர் வயதாகிக்கொண்டேதான் இருக்கும். அதனால் குறைவாக ஓடிய கார் என்றால் நல்ல கார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த இரண்டையும் தேடிப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் இந்தக் காரின் பெரும்பாலான வியாதிகள் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். என் காரில் கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கராஜில் காட்டியபோது, கிராங்க்ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். சொட்டு விழும் இடத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆயில் மேலிருந்து கீழேதான் வரும். வீட்டுக்கு வந்து இன்ஜினின் பின்பக்கம் முழுவதையும் டிகிரீசர் போட்டுச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்தேன். கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து, சிறிய கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தேன். சிலிண்டர் ஹெட்டின் பின்புறம், கேபின் சுவரை ஒட்டினாற்போல், வால்வுகளை இயக்கும் தண்டின் நிலையை அளக்கும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதன் அடியில் புது ஆயில் பளபளவென்று கோடாக இறங்கியிருந்தது.

அந்த சென்சாரை ஒரே ஒரு 12 மி.மீ. போல்ட்தான் பிடித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடம், விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தளர்த்துவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. சென்சார் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்ந்தாற்போல் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இந்தக் காரில் சென்சாரைத் திருப்பித்தான் இக்னிஷன் டைமிங்கே, அதாவது ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் நேரமே, வைக்கிறார்கள். கோடு இருந்தால் பழைய நிலைக்கே திரும்ப வைத்துவிடலாம். அப்புறம் ஒயர் சாக்கெட்டைக் கழற்றி, போல்ட்டை எடுத்து, சென்சாரை லேசாக ஆட்டி ஆட்டி வெளியே இழுக்க வேண்டும். அதன் கழுத்தில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான் குற்றவாளி. புது ஓ-ரிங் உருண்டையாக, மெத்தென்று இருக்கும். என் காரிலிருந்து வந்தது நான்கு பக்கமும் தட்டையாகி, நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழாத அளவுக்குக் கெட்டியாக இருந்தது. நெம்பியபோது வளையவில்லை, படக்கென்று ஒடிந்தது. புதியதில் ஆயில் தடவி மாட்டி, கோட்டோடு கோடு சேர்த்து இறுக்கினேன். ஒரு காபி விலையில் முடிந்த வேலை.

முடித்ததும் டைமிங்கை, தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். பானெட்டுக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியைத் திறந்தால் டிஇஎன், ஜிஎன்டி என்று இரண்டு முனைகள் இருக்கும். அவற்றை ஒரு துண்டு ஒயரால் இணைத்து, சூடான இன்ஜினை ஐடிலில் விட்டு, முதல் சிலிண்டர் ஒயரில் டைமிங் லைட்டை மாட்ட வேண்டும். 1.6 இன்ஜினில் கம்பெனி சொல்வது, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்பு. லைட் அடிக்கும்போது சுற்றிக்கொண்டிருக்கும் புல்லியின் குறி அப்படியே அந்தரத்தில் நின்றதுபோலத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை. எத்தனையோ வருடம் கார் ஓட்டியும், இன்ஜின் என்ன செய்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இதே கண்ணோடு மற்ற ரப்பர்களையும் பாருங்கள். பெடலிலிருந்து வரும் திரவ அழுத்தத்தால் கிளட்ச்சை விலக்கும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் இந்தக் காரின் பிரபலமான பலவீனம். பெடல் மெத்தென்று இறங்கும், கியர் விழ அடம்பிடிக்கும், கிளட்ச் திரவ டப்பாவில் மட்டம் குறையும். கீழே இருக்கும் ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தால் ஈரம் தெரியும். ஸ்லேவை மாற்றும்போதே, பெடல் பக்கம் அந்த அழுத்தத்தை உண்டாக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றுவது நல்லது, இரண்டுக்கும் வயது ஒன்றுதானே. கியர் குச்சியின் அடியில் இருக்கும் சின்ன ரப்பர் உறை கிழிந்திருந்தால் வெயில் காலத்தில் சூடு உள்ளே வரும். ரேடியேட்டர் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார்த்துப் பழகுங்கள். ரப்பர் இல்லாவிட்டாலும் ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம். கறுப்பாக இருக்கவேண்டியது பழுப்பேறி இருந்தால் விரிசலுக்குக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

கிராங்க்ஷாஃப்டோடு சேர்த்து வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை 1 லட்சம் கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெல்ட் அறுந்தால் இன்ஜினே நாசம் என்று மற்ற கார்களில் பயமுறுத்துவார்கள். முதல் தலைமுறை மியாட்டாவில் வால்வும் பிஸ்டனும் மோதாது, கார் நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான். அதனால் கற்றுக்கொள்கிறவர் துணிந்து கைவைக்கலாம். வாட்டர் பம்பைக் கழற்றவும் இதே வழியாகத்தான் போகவேண்டும் என்பதால் இரண்டையும் ஒன்றாக முடித்துவிடுங்கள்.

இனி தண்ணீர். மியாட்டாவின் துணிக்கூரையில் விழும் மழை, சீட்டுக்குப் பின்னால் இரண்டு மூலைகளிலும் இருக்கும் வடிகுழாய்கள் வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். மரத்தடியில் நின்ற காரில் அந்தக் குழாய்கள் இலைச்சருகாலும் பைன் ஊசியாலும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டி போன்ற பகுதிக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் மினுமினுப்பாக இருக்கும்போதே உள்ளே தகடு சல்லடையாகியிருக்கும். இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீரை அந்த மூலையில் மெதுவாக ஊற்றிவிட்டு, கீழே குனிந்து பாருங்கள். ஊற்றியது உடனே வெளியே வந்தால் நிம்மதி. வராவிட்டால் புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பு ஒரு துண்டு எடுத்து மெல்ல விட்டு எடுக்கலாம். இரும்புக் கம்பி வேண்டாம், குழாயைக் கழற்றிவிட்டுவிடும். இந்தக் காருக்கு நீங்கள் செய்யக்கூடிய மிக முக்கியமான பராமரிப்பு இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்ஜின் போனால் வேறு இன்ஜின் கிடைக்கும். பாடி போனால் கார் போயிற்று.

கருவிகள் நிறைய வேண்டாம். 10, 12, 14, 17 மி.மீ. சாக்கெட்டுகளுக்கே பெரும்பாலான போல்ட்கள் வசப்பட்டுவிடும். போல்ட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் கண்டிப்பாக வேண்டும். ஒரு விஷயம் மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஜப்பானியக் கார்களின் நட்சத்திரத் திருகுகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் செய்தவை. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிப் பாருங்கள், அசையவே அசையாத திருகு பேசாமல் கழன்று வரும். காருக்கு அடியில் போகிறீர்கள் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், ஸ்டாண்ட் போட்டு, காரை ஒருமுறை தள்ளி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. அப்புறம் கம்பெனியின் ஒர்க்‌ஷாப் மேனுவல். வீடியோ பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் எந்த போல்ட்டுக்கு எத்தனை இறுக்கம் என்பதை மேனுவலில் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

உதிரிபாகக் கவலை இந்தக் காருக்குக் குறைவு. மியாட்டா எல்லாத் தலைமுறையும் சேர்த்து 2016 ஏப்ரலில் 10 லட்சத்தைத் தொட்டது. 2017இல் முதல் தலைமுறைக் காரைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை மாஸ்டா ஜப்பானில் அறிவித்து, துணிக்கூரை முதல் நார்டி மர ஸ்டியரிங் வரை நின்றுபோன பாகங்களைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தது. இந்த வயதில் இப்படிக் கவனிக்கப்படும் கார்கள் குறைவு.

1.6 வாங்குவதா, 1994இல் வந்த 1.8 வாங்குவதா என்றால், இரண்டும் நல்லவைதான். 1990, 91 மாடல் பார்க்கப் போனால் மட்டும் முன்பக்கம் குனிந்து கிராங்க் புல்லியில் எத்தனை பள்ளவெட்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். நான்கு இருந்தால் குட்டை மூக்கு கிராங்க், அதாவது கிராங்க்ஷாஃப்டின் முன் நுனி குட்டையானது. பெல்ட் மாற்றியவர் போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் வைக்காவிட்டால் அதன் சாவித்தடம் (புல்லியை நழுவாமல் பிடிக்கும் பள்ளம்) தேய்ந்து டைமிங் அலையும், சரிசெய்வது பெரிய செலவு. எட்டு இருந்தால் அந்தக் கவலை இல்லை. போகும்போது டார்ச் ஒன்றும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள். வடிகுழாயைச் சோதித்துவிட்டு, பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தகட்டை அடியிலிருந்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.