விபத்துக் காயத்துக்கு டிரானெக்சாமிக் அமிலத்தை 3 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும் என்பது ஏன்?

டிரானெக்சாமிக் அமிலம் என்பது, உறைந்த இரத்தக் கட்டி கரைந்துவிடாமல் தடுக்கும் மருந்து. காயம் பட்டதும் உடல் ஃபைப்ரின் என்ற புரத இழைகளால் வலை பின்னிக் கிழிந்த இரத்தக் குழாயை அடைக்கிறது. ஆனால் பலத்த காயங்களில், பிளாஸ்மின் என்ற நொதி அந்த வலையை அளவுக்கு மீறி அறுத்துவிடுவதால் இரத்தப்போக்கு நிற்காமல் தொடரக்கூடும். ஏரிக்கரை உடைப்பில் ஊரார் அடுக்கும் மணல் மூட்டைகளை ஒருவர் உருவிக்கொண்டே இருந்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். மருந்து அந்த ஒருவரின் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட காயமுற்றோரிடம் நடத்தப்பட்டது. மருந்து பெறாதவர்களில் 16 விழுக்காட்டினர் இறந்தனர். பெற்றவர்களில் அது 14.5 ஆகக் குறைந்தது. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் விலை மலிவான, 10 நிமிடத்தில் 1 கிராம் சிரைவழி ஏற்றிவிடக்கூடிய ஒரு மருந்து இத்தனை உயிர்களைக் காப்பதை மிகப் பெரிய முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும். முதல் 1 மணி நேரத்துக்குள் தரும்போது பலன் மிகுதி. 3 மணி நேரம் கடந்தபின் பெற்றவர்களிடையே இரத்தப்போக்கு மரணங்கள் கூடியதே இந்தக் காலக்கெடுவுக்குக் காரணம்.

இது இரத்தத்தை உறைய வைக்கும் மருந்து என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் உறைந்ததைக் காப்பது மட்டுமே இதன் வேலை என்பதால், காயத்தை அழுத்திப் பிடிப்பதும், இரத்தம் ஏற்றுவதும், அறுவை சிகிச்சையும் முன்போலவே தேவை.