பொருளடக்கத்தில் பக்க அடியில் தனித்து நிற்கும் தலைப்பு

வணக்கம். லேடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளின் 'ஆர்ட்டிகிள்' வகுப்பில் (கட்டுரைக்கான வார்ப்புரு) அமைத்த ஆவணத்தின் பொருளடக்கத்தில் ஒரு பிரிவுத் தலைப்பு மட்டும் பக்க அடியில் நிற்க, அதன் உட்பிரிவுகள் அடுத்த பக்கத்திற்குப் போய்விடுவதாகவும், பொருளடக்க வரிகள் சேமிக்கப்படும் டிஓசி கோப்பில் நீங்கள் செய்த திருத்தம் மறைந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆவணத்தைத் தொகுக்கும் (கம்பைல் செய்யும்) ஒவ்வொரு முறையும் லேடெக் அக்கோப்பைப் புதிதாக எழுதுவதால் அத்திருத்தம் நிலைக்காது. மூல ஆவணத்தில் அப்பிரிவின் தலைப்புக் கட்டளைக்குச் சற்று முன்பாக 'ஆட்டுகன்டென்ட்ஸ்' கட்டளையை இட்டு, அதன் முதல் அடைப்பில் டிஓசி என்றும், இரண்டாவதில் 'புரொடெக்ட்', 'நியூபேஜ்' ஆகிய இரு கட்டளைகளை அடுத்தடுத்தும் எழுதி, இருமுறை தொகுத்துப் பாருங்கள்.

ஆனால் பின்னர் தலைப்புகள் கூடினாலோ குறைந்தாலோ 'நியூபேஜ்' செய்யும் இந்தக் கட்டாயப் பக்க முறிவு பாதிப் பக்கத்தை வெறுமையாக்கிவிடக்கூடும். ஆகவே 'நியூபேஜ்' இருக்கும் இடத்தில், 'நீட்ஸ்பேஸ்' என்ற கூடுதல் தொகுதியின் (பேக்கேஜ்) அதே பெயருள்ள கட்டளைக்கு மூன்று வரி உயரத்தை அளவாகக் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். பக்கத்தில் அவ்வளவு இடம் இல்லாதபோது மட்டுமே அது பக்கத்தை முறிக்கும்.