பட்டுப் புடவையோடு நீட் தேர்வுக்கா?

கேள்வி: என் மகள் வருகிற மே மாதம் இரண்டாவது முறையாக நீட் எழுதுகிறாள். நாங்கள் உசிலம்பட்டி பக்கம். தேர்வு மையம் மதுரையில் விழுந்திருக்கிறது. அதே ஞாயிற்றுக்கிழமை மதுரையில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். காலையில் முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன். என் கணவர் தாய்மாமன் என்பதால் நாங்கள் இரண்டு பேரும் முதல் நாளே மண்டபத்துக்குப் போய்விடுவோம். மகள் பாட்டியோடு வீட்டில் இருந்து படித்துவிட்டு, மறுநாள் தோழியோடு பஸ்ஸில் வந்து தேர்வு எழுதுவாள். உள்ளே போன், நகை, பை எதையும் விட மாட்டார்கள் என்கிறார்கள். மையத்தில் லாக்கர் மாதிரி ஏதாவது இருக்குமா? பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போகலாமா, ரயில்வே ஸ்டேஷனில் வைக்கலாமா? தேர்வு முடிந்து நேராக ரிசப்ஷனுக்கு வந்துவிடுவாள் என்பதால் பட்டுப் புடவை, ஆரம், வளையல் எல்லாம் அந்தப் பையில்தான் இருக்கும். மூக்குத்தியையும் கழற்ற வேண்டுமா?
பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

பதில்: லாக்கர் கிடையாது. தேர்வர்களின் பொருள்களை வைக்க மையத்தில் எந்த ஏற்பாடும் இருக்காது என்று தேசியத் தேர்வு முகமை தன் அறிவிப்புக் கையேட்டிலேயே சொல்லிவிடுகிறது. கேட் அருகே போட்டுவிட்டுப் போன பைக்கு யாரும் பொறுப்பில்லை. வருஷா வருஷம் பங்குனி, சித்திரையில் இதே கேள்வி எனக்கு வருகிறது. ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவேன். உங்கள் கடிதத்தில் பட்டுப் புடவை என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

அந்தப் பையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தேர்வுக்கு உங்கள் மகளுக்கு என்ன வேண்டும்? படம் ஒட்டிய அனுமதிச் சீட்டு, அதோடு சேர்ந்த தாளில் அஞ்சலட்டை அளவுப் படம், வருகைப் பதிவேட்டில் ஒட்ட இன்னொரு பாஸ்போர்ட் அளவுப் படம், ஆதார் அசல், லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டில். பேனாகூட உள்ளேதான் கொடுப்பார்கள். எல்லாம் ஒரு கையில் அடங்கிவிடும். மற்றபடி பேனா, பென்சில் டப்பா, கால்குலேட்டர், பர்ஸ், வாட்ச், பெல்ட், தொப்பி, தின்பண்டம், இவை எல்லாமே வாசலோடு சரி. (சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரையும் பழமும் கொண்டுபோக முன்கூட்டியே சொன்னால் அனுமதி உண்டு.)

ஆக, நீங்கள் கவலைப்படுகிற பையில் தேர்வுக்கு உண்டான ஒரு பொருள்கூட இல்லை. புடவை கல்யாணத்துக்கு. ஆரம் கல்யாணத்துக்கு. வளையல் கல்யாணத்துக்கு. போன், அவள் எங்கே வந்துகொண்டிருக்கிறாள் என்று மண்டபத்திலிருந்து நீங்கள் விசாரிப்பதற்கு. உங்கள் குடும்பத்தின் கௌரவத்தை மடித்து வைத்து, ஜிப் போட்டு, அந்த வருஷத்திலேயே அவளுக்கு மிகக் கஷ்டமான நாளில் அவள் தோளில் மாட்டி அனுப்பப் பார்க்கிறீர்கள். அப்புறம் அதை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்கிறீர்கள்.

அவள் 180 நிமிடத்தில் 180 கேள்வி போட வேண்டும். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. ஒன்றுக்கு ஒரு நிமிடம்தான். தப்பாகப் போட்டால் ஒரு மதிப்பெண் போய்விடும். இதில் எந்த நிமிடத்தில் அவள் டீக்கடையில் விட்டு வந்த ஆரத்தை நினைப்பாள் என்று யோசித்தீர்களா? நினைக்காமல் இருக்க மாட்டாள். பெண் பிள்ளை நகையைத் தொலைத்தால் நம் வீடுகளில் என்ன பேச்சுப் பேசுவோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அதைவிட எனக்கு ஆத்திரமாக வருவது, ஐந்து மணிக்குப் பிறகு நீங்கள் போட்டு வைத்திருக்கும் திட்டம். மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்குகிற நேரம். மதியம் ஒன்றரைக்கு முன்னால் உள்ளே போன பெண் ஐந்து மணிக்குமேல் வினாத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருவாள். சரியாக எழுதியிருந்தாலும் முகம் வெளுத்துத்தான் இருக்கும். சரியாக எழுதாவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்தக் கோலத்தில் அவள் எங்கே போய்ப் பட்டுப் புடவை கட்டுவாள்? மண்டபத்து மணமகள் அறையில், அலங்காரம் செய்கிற பெண்கள் நடுவிலா? சரி, கட்டிக்கொண்டு வெளியே வந்தாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரியப்பா கேட்பார், "என்னம்மா, எத்தனை கேள்வி போட்டே?" பக்கத்தில் ஒரு சித்தி, "இந்தத் தடவையாவது கிடைச்சிருமா?" அந்த "இந்தத் தடவையாவது" என்பதை எத்தனை வாயிலிருந்து அவள் கேட்க வேண்டும்? ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படித்த பெண் அவள். சொந்தக்காரர் எல்லோருக்கும் அது தெரியும். நீங்கள் ரிசப்ஷனுக்குக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவள் விசாரணைக் கமிஷன் முன்னால் நிற்கப் போகிறாள், அதுவும் நகை போட்டுக்கொண்டு.

இனி கடமையைப் பற்றி. உங்கள் கணவர் தாய்மாமன். அக்கா தங்கை மகள் மணவறையில் உட்காரும்போது தாய்மாமன் இல்லாமல் இருக்கக் கூடாது. இதில் நான் பழைய மனுஷிதான். அவரைக் கல்யாணத்தை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன். சீர் செய்யட்டும், மாலை எடுத்துக் கொடுக்கட்டும், ரிசப்ஷன் முடிகிற வரை நிற்கட்டும். ஆனால் நீங்கள் எதற்கு அம்மா சாயங்காலம் வரை? முகூர்த்தம் காலையில். தாலி கட்டி, ஆசீர்வாதம் பண்ணி, பந்தியில் ஒரு வாய் சாப்பிட்டு, பதினொரு மணிக்கு ஒரு ஆட்டோ பிடித்தால் நீங்கள் மகளுடைய மைய வாசலில் இருப்பீர்கள். இரண்டும் மதுரைக்குள்தானே? அத்தை அதற்குமேல் மண்டபத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சடங்கிலும் இல்லை. வீடியோவில் வர வேண்டும், அவ்வளவுதான்.

தாய்மாமன் என்று எழுதினீர்களே, உங்கள் மகளுக்கும் ஒருவர் இருப்பாரே? உங்களுக்கு அண்ணனோ தம்பியோ இருந்தால் அவர்தானே. அவள் பெரியவளானபோது தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து சபையில் வைத்திருப்பார். அந்த உறவு மாலை போடுகிற நாளுக்கு மட்டும்தானா? ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மதுரை வரச் சொல்லுங்கள். இது உங்கள் நாத்தனார் வீட்டு விசேஷம். அவருக்கு அதில் தலையைக் காட்டினால் போதும். அண்ணன் தம்பியே இல்லை என்றால் சித்தப்பா, ஒன்றுவிட்ட அக்கா, யாரையாவது பிடியுங்கள். கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நீங்கள் தேடுகிற லாக்கர்.

தோழி இருக்கிறாளே என்பீர்கள். தோழியும் தேர்வு எழுதத்தானே வருகிறாள்? அவள் பையை யார் பார்ப்பார்கள்? மதுரையில் நீட்டுக்கு ஒரு மையம் மட்டும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம்தானா என்று அனுமதிச் சீட்டைப் பார்த்தீர்களா? ஒருத்திக்கு ஊருக்கு இந்தப் பக்கமும் இன்னொருத்திக்கு அந்தப் பக்கமும் விழுந்தால், முகூர்த்த நாள் கூட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து உங்கள் மகள் தனியாகத்தான் அலைய வேண்டும். ஒன்றரை மணிக்குக் கேட் மூடினால் மூடியதுதான். ஒன்று முப்பத்தொன்றுக்கு ஓடி வந்து காவலர் காலில் விழுகிற பிள்ளைகளை ஒவ்வொரு மே மாதமும் டிவியில் காட்டுகிறார்களே, பார்த்ததில்லையா?

கடை விஷயம். மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற டீக்கடைக்காரரும் ஜெராக்ஸ் கடைக்காரரும் அன்றைக்கு ஐம்பதோ நூறோ வாங்கிக்கொண்டு பை வைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் நல்ல மனுஷர்கள்தான். ஆனால் ஒரே மாதிரி கறுப்புப் பை நாற்பது இருக்கும், ஐந்தரை மணிக்கு எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். துணிப்பை கொடுக்கலாம், நகை கொடுக்கக் கூடாது. ஆட்டோக்காரரிடம் கொடுக்கவே கூடாது. ரயில்வே க்ளோக் ரூமில் ரயில் டிக்கெட் கேட்பார்கள், பை பூட்டியும் இருக்க வேண்டும். அங்கே போய் வைத்துவிட்டு மையத்துக்கு ஓடி வருவது நடக்கிற காரியம் இல்லை.

மூக்குத்தி, ஆமாம், கழற்றத்தான் வேண்டும். தோடு, செயின், கொலுசு, மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாமே. திருகு மூக்குத்தியாக இருந்தால் அன்று காலையில் இழுத்துக்கொண்டு நிற்காதீர்கள், மூக்கு வீங்கிவிடும். இந்த வாரமே ஆசாரியிடம் போய்த் திருகைத் தளர்த்தி வாங்குங்கள். ஒரு நாள் போடாமல் இருந்தால் பழைய துளை ஒன்றும் மூடிக்கொள்ளாது. காதும் மூக்கும் வெறிச்சென்று இருப்பது அபசகுனம் என்று பாட்டி சொன்னால், பாட்டியையே அந்த நகையைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை கொடுத்தால் பாட்டிமார்கள் சமாதானமாகிவிடுவார்கள்.

உடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெண்ணைப் பெற்றவர் கேட்டிருக்க வேண்டும். அரைக்கை வைத்த லேசான பருத்திச் சுடிதார். பெரிய பட்டன், ஜரிகை, கல் வைத்த வேலைப்பாடு வேண்டாம். ஷூ கூடாது, தட்டையான செருப்பு. தலையில் பூ வேண்டாம், பெரிய கிளிப் வேண்டாம், ரப்பர் பேண்ட் போதும். உள்ளாடையில் உலோகக் கொக்கி இல்லாததாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். 2017-ல் கண்ணூரிலும் 2022-ல் கொல்லம் மாவட்டத்திலும் அந்தக் கொக்கிக்காகவே பெண் பிள்ளைகளைப் படுத்திய பாடு ஊர் சிரித்தது. தப்பு முழுக்கச் சோதனை செய்தவர்கள் மேல்தான். ஆனாலும் நம் பிள்ளை பரீட்சைக்கு முன்னால் அழ வேண்டாம் என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை அப்பாவோ மாமாவோ அவளிடம் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதற்கு நீங்கள் சனிக்கிழமை இரவு வீட்டில் இருக்க வேண்டும். முதல் நாளே மண்டபத்துக்குப் போவதை மறுபடி யோசியுங்கள். உங்கள் கணவர் போகட்டும். நீங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஐந்து மணிக்கு அவள் வெளியே வரும்போது வாசலில் நில்லுங்கள். எப்படி எழுதினாய் என்று கேட்காதீர்கள். ஏதாவது வாங்கிக் கொடுத்து, ஊருக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போங்கள். அவளாகவே ரிசப்ஷனுக்கு வருகிறேன் என்றால், அதே சுடிதாரில், அதே வெறும் காதோடு வந்து மணமக்களைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போகட்டும். அதற்கும் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், பெரியப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் பேச்சை மாற்ற.

நாத்தனாரிடம் இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்: அண்ணன் கடைசி வரை இருப்பார், அண்ணி பதினொரு மணிக்குக் கிளம்பிவிடுவாள், பாப்பா பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போய்விடுவாள் என்று. இத்தனை நாள் முன்னால் சொன்னால் ஒரு முணுமுணுப்போடு போய்விடும். அன்று சாயங்காலம் சொன்னால்தான் அடுத்த பொங்கல் வரை பேசுவார்கள்.